புல்லட்டுக்குள் யாரும் குதிரையைப் பூட்டி வைக்கவில்லை

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உள்தெருவில் ஏதாவது ஒரு லேத் பட்டறை வாசலில் பழைய புல்லட் இன்ஜின் ஒன்று பிரித்துப் போடப்பட்டிருந்தால், அதைச் சுற்றி நிற்பவர்களின் பேச்சு கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். இரும்பு இன்ஜின் எதையும் தாங்கும். கம்பெனிக்காரன் மைலேஜுக்காகவும் அந்தக் காலத்து மட்டமான பெட்ரோலுக்காகவும் சக்தியைக் குறைத்து வைத்திருக்கிறான். சிலிண்டரின் உள்விட்டமான போரைப் பெரிதாக்கி, பெரிய கார்ப் போட்டு, ஹெட்டைத் தேய்த்து, சைலன்சரின் உள்குழாயை உருவிவிட்டால் 350 புல்லட்டிலிருந்து 40 குதிரைத்திறன் வரும். ஆவடியிலும் இதே பேச்சு, பூந்தமல்லியிலும் இதே பேச்சு. சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. நம்பித்தான் சொல்கிறார்கள், நம்பித்தான் பணமும் கொடுக்கிறார்கள். இந்த நம்பிக்கையில் பாதி பெருமை, மீதி கணக்குப் பிழை. பெருமையை நான் குறை சொல்லவில்லை. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் செய்த அந்த வண்டி பெருமைக்கு உரியதுதான். ஆனால் கணக்கைப் பார்த்தே ஆகவேண்டும். அந்தப் பிழையை நம்பி வெட்டப்படுகிற இன்ஜின் எதுவும் திரும்பி வரப்போவதில்லை.

கணக்கைத் தொழிற்சாலையிலிருந்தே தொடங்கலாம். இரும்பு பேரல் கொண்ட 350 புல்லட்டின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சிசி, நிமிடத்துக்கு 5,625 சுற்றில் 18 குதிரைத்திறன். அதே தொழிற்சாலை அதே ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு போரை 84 மி.மீ. ஆக்கி 500 புல்லட் செய்தது. கொள்ளளவு 44 சதவீதம் கூடியது. சக்தியோ 22 குதிரைத்திறன். அதாவது 22 சதவீதம்தான் கூடியது. பட்டறையில் செய்கிற வேலையைவிடப் பன்மடங்கு கவனத்தோடு, அதற்கென்றே வார்த்த பேரலும் ஹெட்டும் கிராங்க்கேஸும் வைத்துச் செய்தபோது கிடைத்த பலன் இது. அடுத்து 87 மி.மீ. போர். 535 கிட் என்று ஆசையோடு பேசப்படுவது இதைத்தான். 2013-இல் ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடியைக் கொண்டுவந்தபோது அதன் அளவும் சரியாக 87-க்கு 90, 535 சிசி. முழு அலுமினிய இன்ஜின், மின்னணு எரிபொருள் தெளிப்பு, கணினி சொல்லும் இக்னிஷன் என்று அரை நூற்றாண்டு முன்னேற்றம் அத்தனையும் அதில் இருந்தது. கிடைத்தது 29.1 குதிரைத்திறன். அதே அளவுள்ள இரும்பு பேரலும் மிக்கார்ப்பும் பாயின்ட் செட்டும் சேர்ந்து 40 கொடுக்கும் என்றால், கூடுதலான அந்த 11 குதிரைகள் எங்கிருந்து வந்தன என்று சொல்பவர்தான் காட்டவேண்டும்.

கம்பெனி வேண்டுமென்றே அடக்கி வைத்தது என்ற பதில் உடனே வரும். அதையும் சோதிக்கலாம். 2020-இல் மீட்டியாரோடு வந்த புதிய 350 இன்ஜினை நிறுவனம் வெற்றுத் தாளிலிருந்து வடிவமைத்தது. 349 சிசி, 20.2 குதிரைத்திறன். பழைய இன்ஜினுக்குள் பெரும் சக்தி தூங்கிக்கொண்டிருந்தால், புதிய உலோகமும் புதிய கருவிகளும் கையில் இருந்தவர்கள் இரண்டே இரண்டு குதிரைகளைக் கூட்டியதோடு நின்றிருப்பார்களா? மாசுக் கட்டுப்பாடு கையைக் கட்டியது என்பது உண்மை. இழுவைதான் முக்கியம் என்று அவர்கள் முடிவு செய்ததும் உண்மை. அதையெல்லாம் கழித்துவிட்டாலும் ஓர் அடிப்படை எஞ்சி நிற்கிறது. ஒரே சிலிண்டர், நீண்ட ஸ்ட்ரோக், இரண்டே வால்வு என்ற அமைப்பில் இன்ஜின் உள்ளே இழுக்கும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. சக்தி என்பது ஒரு சுற்றில் கிடைக்கும் இழுவையும் சுற்று வேகமும் பெருகி வருவது. இழுவையைக் கூட்டக் காற்று வேண்டும். சுற்றைக் கூட்ட அதைத் தாங்குகிற கிராங்க் வேண்டும். நிறுவனம் உண்மையிலேயே 47 குதிரைத்திறன் வேண்டும் என்று நினைத்தபோது என்ன செய்தது என்று பாருங்கள். இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் நான்கு வால்வு, தலைமேல் கேம், ஆயில் கூலர், 67.8 மி.மீ. என்ற குட்டையான ஸ்ட்ரோக் என்று 650 இன்ஜினைப் புதிதாகச் செய்தது. அந்த இன்ஜின் 7,150 சுற்றில் ஓடும்போது அதன் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 16 மீட்டர். நம் பழைய 350 வெறும் 5,625 சுற்றிலேயே நொடிக்குச் சுமார் 17 மீட்டரைத் தொட்டுவிடுகிறது. சோம்பேறி இன்ஜின் என்று நாம் நினைக்கும் அது, தன் உச்சத்தில் 650-ஐவிட வேகமாகப் பிஸ்டனை அடித்துக்கொண்டிருக்கிறது. அதை 7,000 சுற்றுக்கு விரட்டினால் பிஸ்டனும் கன்ராடும் இழுக்கும் இழுப்பு 55 சதவீதம் கூடுகிறது, ஏனென்றால் அந்த விசை சுற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்.

பெட்ரோல் வாதத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு. புல்லட் வடிவமைக்கப்பட்ட காலத்தில் பிரிட்டனில் கிடைத்தது போர்க்கால மிச்சமான, ஆக்டேன் எழுபதை ஒட்டிய பெட்ரோல். அதனால் கம்ப்ரெஷன் 6.5 என்ற அளவில் நிறுத்தப்பட்டது. இன்று அதை 8.5-க்கு ஏற்றலாமே என்று கேட்பது நியாயமான கேள்வி. ஏற்றினால் என்ன கிடைக்கும் என்பதற்குப் பாடநூல் சூத்திரமே விடை சொல்கிறது: எல்லாம் குறையில்லாமல் நடந்தால் சுமார் 9 சதவீதம். 18 என்பது இருபதைக்கூட எட்டாது. பின்னாளில் வந்த 7.25 கம்ப்ரெஷன் இன்ஜினில் தொடங்கினால் லாபம் 5 சதவீதம், அதாவது ஒரு குதிரைக்கும் குறைவு. விலையாகக் கொடுப்பது வெப்பத்தை. வார்ப்பிரும்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் அலுமினியக் கலவையின் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அந்த பேரலைத்தான் நாம் ஆறாவது சிக்னலிலும் நிற்காமல் ஓடவேண்டும் என்று பாடி மேம்பாலத்தடியில் வெயிலில் நிறுத்துகிறோம். இதோடு இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு எரிய ஆக்சிஜன் குறைவாகத்தான் தேவை. அதைத் தெரிந்து ஜெட்டை மாற்றாத பழைய கார்ப்பில் கலவை நீர்த்துப்போகும், இன்ஜின் இன்னும் சூடேறும். கம்ப்ரெஷனையும் ஏற்றி, போரையும் ஏற்றி, பழைய ஜெட்டையே விட்டுவைத்த வண்டியில் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் அதற்கு மெக்கானிக்கின் கைராசியைக் குறை சொல்வது அநியாயம்.

போரைப் பெரிதாக்குவதால் மேலே என்ன கிடைக்கிறது என்று எல்லோரும் பேசுகிறார்கள். கீழே என்ன நடக்கிறது என்று பேசுவோர் குறைவு. எனக்கு இதுதான் விஷயத்தின் மையமாகப் படுகிறது. 70 மி.மீ. பிஸ்டனுக்குப் பதில் 87 மி.மீ. பிஸ்டன் வந்தால் அதன் முகப்பரப்பு 54 சதவீதம் கூடுகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் மாறாவிட்டாலும் கன்ராடின் மேல் இறங்கும் அடி ஒன்றரை மடங்கு. அந்த அடியை வாங்கிக்கொள்வது பிக் எண்டில் இருக்கும் மிதக்கும் புஷ். ரோலர் பேரிங் தாக்குப்பிடிப்பதுபோல் அது எண்ணெய்ப் பட்டினியில் தாக்குப்பிடிக்காது. எண்ணெய் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால்தான் அது உலோகத்தோடு உலோகம் உரசாமல் மிதக்கும். எண்ணெயைக் கொண்டுவருவதோ 350-இன் தேவைக்குச் செய்த சிறிய பிஸ்டன் பம்ப். பெரிய பிஸ்டனின் எடைக்கு ஏற்ப ஃப்ளைவீலைப் பாலன்ஸ் செய்யாமல் விட்டால் அதிர்வு கூடுகிறது. அதிர்வு கூடினால் நட்டும் போல்ட்டும் கழல்வது வெளியே தெரியும், மெயின் பேரிங் தேய்வது வெளியே தெரியாது. பெரிய பேரல் உட்காரவேண்டும் என்பதற்காக கிராங்க்கேஸின் வாயைக் கடைந்து அகலப்படுத்துகிறார்கள். இன்ஜின் எண் பொறித்த, ஆர்.சி. புத்தகத்தில் பதிவான, மாற்றுக் கிடைக்காத வார்ப்பு அது. ஸ்விட்சர்லாந்தில் ஃபிரிட்ஸ் எக்லி 535 புல்லட் செய்து பேர் வாங்கினாரே என்று கேட்கலாம். செய்தார். இங்கிலாந்திலும் பலர் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள். ஒழுங்கான 535 வேலை என்றால் ரோலர் பிக் எண்ட், அதற்கேற்ற கிராங்க், பெரிய ஆயில் பம்ப், வலுவான கிளட்ச், மாற்றிய பிரேக் எல்லாம் சேர்ந்தது. இங்கே அதில் பிஸ்டனையும் பேரலையும் மட்டும் எடுத்துக்கொண்டு பெயரை முழுசாக வைத்துக்கொள்கிறோம்.

சைலன்சரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சத்தம் காதுக்கு வரும் சக்தி, சக்கரத்துக்கு வருவது வேறு. வெறுமனே உள்குழாயை உருவினால் கார்ப்பின் அமைப்பும் வெளியேறும் புகையின் ஓட்டமும் ஒத்துப்போகாமல், அடிமட்டச் சுற்றில் இருந்த இழுவையே குறைவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பெரிய கார்ப்பிலும் இதே கதை: வாய் அகலமானால் மெதுவான ஓட்டத்தில் காற்றின் வேகம் குறையும், பெட்ரோல் சரியாகப் பொடியாகாது, பிக்கப் மந்தமாகும். வேகம் கூடியது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஆடும் ஸ்பீடோமீட்டர் முள்ளைத்தான் சாட்சியாக வைக்கிறார்கள். காற்றைக் கிழித்துச் செல்லத் தேவையான சக்தி வேகத்தின் கனத்தில் ஏறும். உச்ச வேகத்தை 20 சதவீதம் கூட்ட 73 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். தொழிற்சாலையின் 500 கொடுத்த 22 சதவீதக் கூடுதலால் உச்ச வேகம் ஏறுவது சுமார் 7 சதவீதம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் புல்லட்டில் ஓட்டுபவர் சற்றுக் குனிந்தாலே அதில் ஒரு பகுதி செலவில்லாமல் கிடைத்துவிடும். ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்: பெரிய போரால் கீழ்ச்சுற்று இழுவை கூடும். இருவர் உட்கார்ந்து ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறும்போது அது தெரியும். அந்த லாபத்தை லாபம் என்றே சொல்லி விற்றால் எனக்கு மறுப்பில்லை. அதை 40 குதிரைத்திறன் என்று சொல்லும்போதுதான் மறுக்கவேண்டி வருகிறது.

பழைய பந்தய வண்டிகளை அறிந்தவர்கள் இதைவிடக் கூர்மையான கேள்வி கேட்பார்கள். 1950-களின் பிஎஸ்ஏ கோல்டு ஸ்டாரும் ஒரே சிலிண்டர், புஷ்ராடு, 500 சிசிதானே. அது நாற்பதை ஒட்டி எடுத்ததே? எடுத்தது. ஆனால் அது அலுமினிய பேரலும் அலுமினிய ஹெட்டும் பெரிய வால்வுகளும் ரோலர் பிக் எண்டும் பந்தய கார்ப்பும் கொண்டு, 7,000 சுற்றுக்கு என்றே செய்யப்பட்ட இன்ஜின். தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் சோதனை மேடையில் ஓட்டி, எவ்வளவு சக்தி வந்தது என்று தாள் எழுதிக் கொடுத்தார்கள். நகரத்து நெரிசலில் அது ஓட்ட இனிமையான வண்டியாக இருந்ததில்லை. சோழவரம் ஓடுபாதையில் அந்நாளில் பந்தயம் ஓட்டியவர்களுக்கும், இன்று இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு வண்டி தயார் செய்கிறவர்களுக்கும் இது தெரியும்: பந்தய இன்ஜினை மணிக்கணக்கு வைத்துப் பிரிப்பார்கள், கிலோமீட்டர் கணக்கு வைத்து அல்ல. ஞாயிறு காலை பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போய், திங்கட்கிழமை அதே வண்டியில் வேலைக்குப் போகிறவர் கேட்பது பந்தய இன்ஜினின் சக்தியையும் புல்லட்டின் ஆயுளையும் ஒன்றாக. அந்த இரண்டையும் ஒரே பேரலில் கொடுத்தவர் உலகத்தில் எவரும் இல்லை.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு மறுவாதமும் உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் வலுவானது. ஆவடியைப் பாருங்கள் என்பார்கள். டாங்கி இன்ஜின்களுக்காக 1980-களில் அமைக்கப்பட்ட இன்ஜின் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. அது செய்யும் வி-46 இன்ஜினும் வி-92எஸ்2 இன்ஜினும், 1939-இல் சோவியத் ஒன்றியத்தில் உருவான வி-2 என்ற பன்னிரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினின் வாரிசுகள். டி-34 டாங்கியில் 500 குதிரைத்திறன் கொடுத்த அதே 38.8 லிட்டர், டி-72-இல் 780 ஆகி, டி-90-இல் 1,000 ஆகிவிட்டது. பழைய இன்ஜினின் சக்தி இரட்டிப்பானதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? சாட்சி உண்மையானது, அது சாட்சி சொல்வது என் பக்கம். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த இன்ஜினின் போரை யாரும் பெரிதாக்கவில்லை. கொள்ளளவு மாறவே இல்லை. சுற்றும் 1,800-லிருந்து 2,000-க்குத்தான் ஏறியது. கூடுதல் சக்தி வந்தது காற்றிலிருந்து. வி-46-இல் கிராங்கிலிருந்து சுழலும் சூப்பர்சார்ஜரும், வி-92எஸ்2-இல் புகையால் சுழலும் டர்போவும் சிலிண்டருக்குள் காற்றை அழுத்தித் தள்ளின. ஒவ்வொரு படியிலும் அந்த அழுத்தத்தைத் தாங்க உள்பாகங்களும் குளிரூட்டலும் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும் அமைப்பும் கூடவே வளர்ந்தன. மூன்று தலைமுறைப் பொறியாளர்களின் வேலை அது. எடையோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சுமார் 26 டன் டி-34-க்கு டன்னுக்கு 19 குதிரைத்திறன்; 41 டன் டி-72-க்கும் 19; 46.5 டன் டி-90-க்கு 21.5. இரட்டிப்பு சக்தியைக் கூடிய எடை பெரும்பாலும் தின்றுவிட்டது. அதே ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கிக்கு 1,400 குதிரைத்திறன் தேவைப்பட்டபோது உள்ளே வந்தது ஜெர்மனியின் எம்டியு இன்ஜின், முற்றிலும் வேறு வம்சம். ஆவடியைக் காட்டி வாதிடுகிறவர்கள் ஆவடி செய்ததை முழுமையாகப் பார்க்கட்டும்.

பிரேக்கைப் பற்றிப் பேசாமல் சக்தியைப் பற்றிப் பேசுவது எனக்குக் கோபம் தருகிற விஷயம். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் வண்டியை நிறுத்துவதைவிட 100-இல் ஓடும் அதே வண்டியை நிறுத்த 56 சதவீதம் கூடுதல் வெப்பத்தை பிரேக் விழுங்கவேண்டும். பழைய புல்லட்டில் இருப்பது டிரம் பிரேக். சூடேறச் சூடேறப் பிடிப்பு குறைவது அதன் இயல்பு. 29 குதிரைத்திறன் கான்டினென்டல் ஜிடிக்கு நிறுவனம் ஹாரிஸ் வடிவமைத்த புதிய ஃபிரேமும் பிரெம்போ டிஸ்க்கும் தேவை என்று முடிவு செய்தது. 1962 முதல் பிரேக் செய்யும் தொழிற்சாலை பாடியில் இருக்கிறது. அந்தச் சாலையிலேயே, பிரேக் ஷூவைக்கூட மாற்றாமல் போரை மட்டும் ஏற்றிய வண்டிகள் பேருந்துகளுக்கும் தண்ணீர் லாரிகளுக்கும் நடுவே ஓடுகின்றன. இதில் ஓட்டுபவரின் உயிர் மட்டும் இல்லை. டன்லப் நிறுத்தத்தில் சாலையைக் கடக்கிற பெண்மணிக்கு அந்த வண்டியின் போர் அளவு தெரியாது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. சிசி அந்த விவரங்களில் ஒன்று. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். என் வண்டி, என் பணம், யார் கேட்பது என்பவர்களுக்கு விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் நிறுவனம் அந்தக் கேள்வியைக் கேட்கும். கிடப்பில் கிடக்கும் பழைய சட்டம் என்று இதைத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. பந்தயத் தடத்துக்குள் மட்டும் ஓடும் வண்டி என்றால் கதை வேறு. அங்கே வெட்டலாம், கடையலாம், உடைத்தும் பார்க்கலாம்.

பட்டறைக்காரரின் பிழைப்பு என்னாவது என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 1960-களில் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை இந்த ஊருக்குக் கொடுத்த பெருஞ்செல்வம் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைக் கையால் உணரக்கூடிய ஆட்கள். அந்தக் கைக்கு ஏற்ற வேலை பழைய இன்ஜினில் ஏராளமாகக் கிடக்கிறது. கோணிய கிராங்கை டயல் வைத்து நேராக்குவது, பேரலை அடுத்த ஓவர்சைஸுக்குச் சரியாகக் கடைந்து ஹோனிங் செய்வது, வால்வ் சீட்டை வெட்டி உட்காரவைப்பது, ஆயில் பம்பின் இடைவெளியைச் சரிசெய்வது, ஜெட்டையும் டைமிங்கையும் இன்றைய பெட்ரோலுக்குப் பொருத்துவது, பிரேக் டிரம்மைக் கடைந்து புது ஷூ போடுவது. பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த 350, தன் 18 குதிரைத்திறனில் ஒரு பகுதியை ஏற்கெனவே இழந்திருக்கும். இந்த வேலைகள் அதைத் திருப்பிக் கொடுக்கும். போர் ஏற்றியதால் கிடைத்தது என்று பலர் நம்பும் உற்சாகத்தில் பெரும்பங்கு, அதே சமயம் இன்ஜினைப் பிரித்துச் சீர்செய்ததால் வந்ததுதான். அந்த வேலைக்கு உரிய கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள்; 535 என்ற ஸ்டிக்கருக்குக் கொடுக்கும் பணத்தைவிட அது நியாயமான செலவு.

இரும்பு பேரல் புல்லட்டின் உற்பத்தி 2010 வாக்கில் நின்றுவிட்டது. அதனால் ஏற்கெனவே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். கிராங்க்கேஸின் வாயைக் கடையும் முன் ஒரு நாள் பொறுத்து, கிராங்கையும் பிக் எண்டையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அளந்த பிறகும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், கழற்றிய 70 மி.மீ. பேரலைப் பழைய இரும்புக்கு எடை போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பரண்மேல் வையுங்கள்.